வாசலை எண்ணினால் ஆட்டம் தெரியுமா?

சென்னை மெட்ரோவின் வடக்குத் தடத்தில் ஒரு நிலையத்துக்குக் கல்லூரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டைக்கு அடுத்து வருகிற தியாகராயா கல்லூரி நிலையம். 1950இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பிள்ளையும், காசிமேட்டில் வலை பின்னியவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அதற்கடுத்துத் தண்டையார்பேட்டை. பிறகு ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் தலைக்கு மேல் ஓடத் தொடங்குகிறது. புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்த ஒன்பது கிலோமீட்டர் நீட்டிப்பு வடசென்னைக்காரர்கள் பல ஆண்டு கேட்டுப் பெற்றது. ஆனால் மணலி புதுநகருக்குப் போகிறவருக்கு அது பாதிவழிதான். விம்கோ நகரில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயைக் கடந்து மேற்கே திரும்பி, டேங்கர் லாரிகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையில் மீதி வழியைப் போக வேண்டும். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதற்கு அடுத்த ஆண்டு உருவான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், அவற்றைச் சுற்றி வளர்ந்த ரசாயன ஆலைகள் எல்லாம் இந்த வழியில்தான் இருக்கின்றன. எம்.எஃப்.எல் சந்திப்பைத் தாண்டி ஆண்டார்குப்பம் பக்கம் போகும்போது காற்றின் வாசனை இரண்டு மூன்று முறை மாறிவிடும். அதன் பிறகு, நெரிசலான வடசென்னைக்குச் சற்றும் பொருந்தாத நேர்த்தெருக்களோடு, தொழிலாளர் குடியிருப்புக்கென்று திட்டமிட்டு எழுப்பிய மணலி புதுநகர். ஊருக்கு அடையாளம் அய்யா வைகுண்டர் தர்மபதி. ஊருக்கு அச்சம் பக்கத்தில் ஓடும் கொசஸ்தலை ஆறு.

ராயபுரத்திலிருந்து இதுவரை வரும் வழியில் காலி இடம் என்று ஒன்று தென்பட்டால் அங்கே பந்து இருக்கும். குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் நடுமுற்றம், ரயில்வே வேலிக்கும் சாலைக்கும் இடைப்பட்ட திட்டு, ஆலைச் சுவரை ஒட்டிய மண்தரை எதுவானாலும் சரி. இரண்டு செங்கல் ஒரு பக்கம், இரண்டு செருப்பு மறுபக்கம். கோல் போஸ்ட் தயார். பந்து செங்கல்லுக்கு மேலே பறந்தால் அது கோலா இல்லையா என்பதைக் குரல் வலுதான் தீர்மானிக்கும். குத்துச்சண்டையும் கேரமும் இந்தப் பகுதியின் பெருமை என்றாலும், கூட்டமாக ஆடுவது கால்பந்துதான். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி.க்கும் இந்திய அணிக்கும் ஆடியது இந்த மண்ணிலிருந்து போய்த்தான். இப்படிப்பட்ட இடத்தில் யார் பெரியவர் என்ற வழக்கு ஓயாது. எந்தப் பேட்டை, எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம், கடைசியில் எந்த மாநிலம் என்று அது வளர்ந்துகொண்டே போகும். வழக்கை முடிக்க எல்லோரும் கடைசியாக எடுத்து வைக்கும் சான்று ஒன்றே: எங்கள் பக்கத்திலிருந்து இத்தனை பேர் ‘ஆல் இந்தியா’ போயிருக்கிறார்கள். அந்தச் சான்று செல்லாது என்பதே என் வாதம். இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தவர்களை எண்ணினால் வாசலை அமைத்தவரின் விதி தெரியும். உள்ளே போனவரின் ஆட்டம் தெரியாது.

பல்கலைக்கழகக் கால்பந்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்து ஆட்டம் நடத்துகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளிலிருந்து தேர்ந்தெடுத்த பல்கலைக்கழக அணி முதலில் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அகில இந்தியச் சுற்றுக்குப் போவார்கள். நான்கு மண்டலம், மண்டலத்துக்கு நான்கு அணி, ஆகப் பதினாறு. இந்த ஏற்பாட்டில் தெற்கு மண்டலத்திலிருந்து எத்தனை அணிகள் அகில இந்தியா போயின என்று கேட்டால் விடை நான்கு. வடக்கிலிருந்து? அதுவும் நான்கு. அடுத்த ஆண்டு கேட்டாலும் நான்குதான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுகிற கேள்வியை வைத்துக்கொண்டு யாருடைய வலிமையை அளப்பது? மண்டலத்துக்கு மண்டலம் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை வேறு, கால்பந்துப் பழக்கம் வேறு. தெற்கில் கோழிக்கோடு போன்ற கேரளப் பல்கலைக்கழகங்களைத் தாண்டித்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அந்த நான்குக்குள் வர வேண்டும். அங்கே ஐந்தாவதாக வந்து வீட்டுக்குத் திரும்புகிற அணி வேறு மண்டலத்தில் இருந்திருந்தால் இரண்டாவதாக வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். நுழைவுக் கணக்கை எவ்வளவு புரட்டினாலும் அதற்கு விடை கிடைக்காது.

இந்த வழக்கைப் பெரும்பணம் போட்டு, தொலைக்காட்சியில் உட்கார்ந்து, நூறாண்டுக்கு மேலாக நடத்தி வருகிற நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது நம் ஆட்டம் அல்ல; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம். பல்கலைக்கழகங்கள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. சீசன் முடிந்ததும் பௌல் என்ற பெயரில் தனித்தனி ஆட்டங்கள் நடக்கும். 1902இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆட்டத்தில் மிச்சிகன் 49–0 என்று ஸ்டான்ஃபோர்டை வென்றதுதான் இந்த வழக்கத்தின் தொடக்கம். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பௌல்கள் இருக்கின்றன. எந்தக் கூட்டமைப்பிலிருந்து எத்தனை அணிகள் பௌலுக்குப் போயின என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பட்டியல் போட்டு, அதிகம் அனுப்பியதே பெரிய கூட்டமைப்பு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பௌல்கள் இன்ன கூட்டமைப்பின் அணியை எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. எந்த அணி வந்தால் ஓட்டல் அறை நிரம்பும், எந்த அணிக்குத் தொலைக்காட்சிப் பார்வையாளர் அதிகம் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். நம் மண்டலக் கணக்கில் நான்கு என்பதைச் சங்கம் எழுதியது. அங்கே அதைச் சந்தை எழுதுகிறது. இரண்டிலும் எழுதியது ஆட்டக்காரர் இல்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். ஒப்பந்தம் இருந்தாலும் சும்மா யாரையும் கூப்பிடுவதில்லையே, பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறையாவது வென்றால்தானே பௌலுக்குத் தகுதி, அது உழைத்துப் பெற்றது இல்லையா? பாதி உண்மை. 2023இல் தகுதி பெற்ற அணிகள் போதாமல், ஐந்து வெற்றி ஏழு தோல்வி என்றிருந்த மினசோட்டாவை அதன் மாணவர்களின் படிப்பு மதிப்பெண் பார்த்துச் சேர்த்தார்கள். அது தன் பௌலை வென்றும் விட்டது. அதே ஆண்டு பதின்மூன்று ஆட்டத்தில் பதின்மூன்றையும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட், பட்டத்துக்கான நான்கு அணிகளில் ஒன்றாக இடம் பெறவில்லை. பிறகு ஆரஞ்சு பௌலில், முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் விலகிய நிலையில், ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றது. பட்டியலில் மினசோட்டாவுக்கும் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கும் ஆளுக்கு ஒரு பௌல்தான். இதைவிட நுட்பமான கோளாறு ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. தென்கிழக்குக் கூட்டமைப்பு பல ஆண்டுகளாகத் தன் அணிகளுக்குள் ஆளுக்கு எட்டு ஆட்டம் வைத்தது. வடக்கே பிக் டென் ஒன்பது வைத்தது. ஒரு கூட்டமைப்புக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். பதினான்கு அணிகள் ஆளுக்கு ஓர் ஆட்டம் குறைத்தால் ஏழு ஆட்டம் குறையும். அந்தக் கூட்டமைப்பின் மொத்தக் கணக்கிலிருந்து ஏழு தோல்விகள் காணாமல் போகும். காலியான அந்த வாரத்தில் வெளியிலிருந்து ஒரு சின்ன அணியைக் கூப்பிட்டு வென்றுவிட்டால், ஐந்தில் நின்றிருக்க வேண்டிய அணி ஆறைத் தொட்டுவிடும். ஆட்டத் திறன் துளியும் கூடாமலே பௌலுக்குப் போகும் அணிகளின் எண்ணிக்கை கூடும். உழைத்துப் பெற்ற தகுதி என்பதில் சந்தேகமில்லை. யாருக்கு எதிரே உழைத்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

நம் ஊர்க் கால்பந்துக்கு வந்தால் சான்று இன்னும் சுத்தமாகக் கிடைக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கியது. 2021–22 பருவத்தில் அதை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து நடத்தினார்கள். மண்டலத்துக்கு இரண்டு அணி, ஆகப் பத்து அணிகள் மலப்புரம் மாவட்டத்தில் நடந்த இறுதிச் சுற்றுக்குப் போயின. தெற்கிலிருந்து கேரளமும் கர்நாடகமும், கிழக்கிலிருந்து மேற்கு வங்கமும் ஒடிசாவும், வடகிழக்கிலிருந்து மணிப்பூரும் மேகாலயாவும், வடக்கிலிருந்து பஞ்சாபும் ராணுவ அணியான சர்வீசஸும், மேற்கிலிருந்து குஜராத்தும் ராஜஸ்தானும். நுழைவுக் கணக்கில் ஐந்து மண்டலமும் சமம். அரையிறுதியில் நின்றவை கேரளம், கர்நாடகம், மேற்கு வங்கம், மணிப்பூர். தெற்கு தன் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தது; வடக்கும் மேற்கும் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அரையிறுதியில் கேரளம் கர்நாடகத்தை 7–3 என்று வென்றது. 2022 மே 2ஆம் தேதி மஞ்சேரியில் மேற்கு வங்கத்தை டைபிரேக்கரில் வென்று கோப்பையையும் எடுத்தது. மண்டலங்களுக்குள் உண்மையில் இருந்த ஏற்றத்தாழ்வு ஒரு மண்டல அணி இன்னொரு மண்டல அணியோடு நேருக்கு நேர் மோதியபோதுதான் வெளியே வந்தது. அதற்கு முந்தைய கட்டம்வரை எல்லா மண்டலத்துக்கும் ஒரே மதிப்பெண்.

அதே பருவத்தில் தெற்கு மண்டலத்துக்குள் நடந்ததையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஒரு பிரிவில்; கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு, அந்தமான் மறு பிரிவில். பிரிவுக்கு ஒருவர்தான் மேலே போக முடியும். கேரளத்துக்கு எதிரே இரண்டு தீவுக் கூட்டமும் ஒரு சிறு ஒன்றியப் பகுதியும். தமிழ்நாட்டுக்கு எதிரே கர்நாடகம். கேரளம் வலுவான அணி, எந்தப் பிரிவில் போட்டாலும் மேலே வந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த ஆண்டு பட்டியலில் ஒரே குறிப்பு: தகுதி பெறவில்லை. கர்நாடகத்துக்கு வழிவிட்டு நின்றதும் கேரளத்துக்கு வழிவிட்டு நின்றதும் ஒன்றாகிவிட்டன. பிரிவைச் சீட்டுக் குலுக்கலும் புவியியலும் சேர்ந்து முடிவு செய்த பிறகு, அந்த முடிவின் விளைவை எடுத்து மாநிலக் கால்பந்தின் தரம் என்று பெயர் சூட்டுவது அவசரம்.

வாசல்கள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2024–25இல் மண்டலங்கள் இல்லை, ஒன்பது பிரிவுகள். பிரிவு வெற்றியாளர்கள் ஒன்பது பேரோடு, முந்தைய ஆண்டு இறுதியில் ஆடிய சர்வீசஸும் கோவாவும், போட்டியை நடத்துகிற மாநிலம் என்பதற்காகத் தெலங்கானாவும் சேர்ந்து பன்னிரண்டு. தமிழ்நாடு அந்தப் பன்னிரண்டில் இருந்தது. 2021–22இல் இல்லை. மூன்று ஆண்டில் தமிழ்நாட்டுக் கால்பந்து வளர்ந்துவிட்டதா? வளர்ந்திருக்கலாம். ஆனால் தெற்கிலிருந்து இருவர்தான் என்ற விதி போனதும் ஒரு காரணம் என்பதைக் கணக்கில் எடுக்காமல் அப்படிச் சொல்ல முடியாது. தெலங்கானாவோ ஒரு பந்தையும் உதைக்காமலே உள்ளே இருந்தது. போட்டியை நடத்தும் செலவைச் சுமப்பவருக்கு ஓர் இடம் கொடுப்பதில் தவறில்லை. அந்த இடத்தை ஆட்டத் தகுதியாக எண்ணிக்கொள்வதுதான் தவறு.

நுழைவை விட்டுவிட்டு, நுழைந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் படம் மாறுகிறது. 2024 டிசம்பர் 31ஆம் தேதி ஹைதராபாதில் கேரளத்தை 1–0 என்று வென்று மேற்கு வங்கம் 33ஆவது முறை கோப்பையை எடுத்தது. அது வங்கத்துக்கு 47ஆவது இறுதி ஆட்டம். கேரளத்துக்கு 16ஆவது, வென்றவை ஏழு. வங்கம் பத்து இறுதி ஆடினால் ஏழை வெல்கிறது. கேரளம் பாதியைத் தொடவில்லை. இறுதிக்கு வந்த தடவைகளை மட்டும் எண்ணினால் வங்கம் கேரளத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு; வெற்றிகளை எண்ணினால் நாலரை மடங்குக்கு மேல். எந்த அளவுகோல் என்பதைப் பொறுத்து இடைவெளி இப்படி விரிகிறது. தமிழ்நாடு இந்தக் கோப்பையை ஒரு முறையும் வென்றதில்லை. 2012இல் கட்டாக்கில் இறுதிவரை போய் சர்வீசஸிடம் 3–2 என்று தோற்றது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்வீசஸும் ரயில்வேயும் மண் இல்லாத அணிகள். ராணுவத்தில் சேர்ந்த தமிழ் இளைஞரோ ரயில்வேயில் வேலை கிடைத்த வடசென்னை இளைஞரோ அங்கே ஆடினால், அந்த ஆட்டம் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறாது. ஊரின் திறமையை அளக்க மாநிலத்தின் நுழைவுக் கணக்கைப் பார்க்கிறவர்கள், பந்தாடத் தெரிந்ததாலேயே வேலை கிடைத்து வெளியே போனவர்களைக் கழித்துவிட்டுத்தான் கூட்டுகிறார்கள்.

ஓர் ஆண்டில் விதி ஒருவரைத் தூக்கிவிடும், மறு ஆண்டு இறக்கிவிடும், ஐம்பது ஆண்டை எடுத்துக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது அடுத்த எதிர்வாதம். புள்ளியியல் படித்தவர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். குலுக்கலில் வரும் அதிர்ஷ்டத்துக்கு இது பொருந்தும். ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் விதிக்குப் பொருந்தாது. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு முறை நிறுத்தாலும் நிறை திருந்தாது. 1970களின் நடுப்பகுதிவரை பிக் டென் கூட்டமைப்பு ஒரே ஓர் அணியைத்தான் பௌலுக்கு அனுப்பும், அதுவும் ரோஸ் பௌலுக்கு மட்டும் என்று தானே விதி போட்டு வைத்திருந்தது. 1973இல் ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 10–10 என்று சமன் செய்தன. இரண்டும் அந்தப் பருவத்தில் தோற்கவே இல்லை. கூட்டமைப்பு வாக்கெடுப்பு நடத்தி ஒஹையோவை அனுப்பியது. ஓர் ஆட்டமும் தோற்காத மிச்சிகன் வீட்டில் இருந்தது. நாட்ர டேம் 1925க்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் எந்த பௌலுக்கும் போகாமல் இருந்தது அதன் சொந்த முடிவு. ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் 2025க்கு முன்புவரை சீசனுக்குப் பிந்தைய ஆட்டமே வேண்டாம் என்று ஒதுங்கி நின்றன. ஐம்பது ஆண்டுக் கூட்டலில் இவையெல்லாம் பலவீனமாகத் தெரியும். காலம் நீண்டால் பிழை குறையும் என்பதற்குப் பதில், காலம் நீள நீளப் பிழைக்கு வரலாற்றின் மரியாதை கிடைத்துவிடுகிறது.

நம் பக்கமும் இதே கதை வேறு வடிவில் உண்டு. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பரப்பு ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும். 1926இல் ஆந்திரா, 1929இல் அண்ணாமலை, 1966இல் மதுரை, 1982இல் பாரதியாரும் பாரதிதாசனும் என்று அதிலிருந்து புதிய பல்கலைக்கழகங்கள் பிறந்துகொண்டே வந்தன. பிறகு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். பொறியியல் கல்லூரிகளைத் திரட்டிக்கொண்ட அண்ணா பல்கலைக்கழகம் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி அணி. அன்று ஒரே சட்டையில் ஆடியிருக்கக்கூடியவர்கள் இன்று பத்துச் சட்டைகளில் பிரிந்து, தெற்கு மண்டலத்தின் அதே நான்கு இடங்களுக்கு ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஐம்பதுகளையும் இன்றைய பத்தாண்டையும் அகில இந்திய நுழைவை வைத்து ஒப்பிடுகிறவர், ஓர் அணியை ஒப்பிடவில்லை. இரண்டு நில வரைபடங்களை ஒப்பிடுகிறார்.

மணலி புதுநகரின் தெருக்களில் நின்று பார்த்தால் இந்த வாதத்துக்கு இன்னொரு முகம் இருப்பது தெரியும். இது தாழ்நிலம். பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையில் வரும்போது முதலில் கதவைத் தட்டுவது இங்கேதான். 2021 நவம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது. அந்த முறை சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம்வரை படர்ந்தது. மழை நின்ற பிறகும் மைதானம் உடனே மைதானமாகிவிடுவதில்லை. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, அதன் மேல் மண் கொட்டிச் சமன் செய்தால்தான் வெறுங்கால் தாங்கும். வடகிழக்குப் பருவமழையின் அந்த மாதங்களில்தான் நாட்டின் போட்டி நாட்காட்டி சூடு பிடிக்கிறது. 2024இல் சந்தோஷ் டிராபியின் தகுதிச் சுற்று நடந்தது நவம்பரில். பயிற்சி அதிகம் தேவைப்படும் வாரங்களில் தரை இல்லாத ஊர், தரை இருக்கிற ஊரோடு நுழைவு எண்ணிக்கையில் போட்டி போடுகிறது. இதையும் அந்த எண்ணில் எழுத இடமில்லை.

ஆனால் இங்கேதான் மிகக் கனமான எதிர்வாதமும் நிற்கிறது. வலிமையை அளப்பது உங்களைப் போன்ற கட்டுரையாளரின் கவலை, இங்கே இருக்கிற பையனுக்கு நுழைவுதான் எல்லாம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்பவர் சொல்வது சரி. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வைத்திருக்கும் சான்றிதழ்ப் படிவங்களில் மூன்றாவது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கானது. அதில் மாணவரின் பெயர், தந்தை பெயர், பல்கலைக்கழகம், ஆட்டம், போட்டி நடந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, பெற்ற இடம் என்று கோடுகள் இருக்கும். கீழே பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும். எந்தப் பிரிவில் ஆடினாய், எதிரே யார், ஐந்தாவதாக வந்த அணி எவ்வளவு வலுவானது என்று கேட்கும் கோடு அதில் கிடையாது. அந்தக் காகிதத்துக்கு லேமினேட் போட்டு, பீரோவில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைப்பார்கள். ஐ.சி.எஃப், வருமான வரித்துறை, சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று சென்னை லீகில் ஆடிய அலுவலக அணிகள் பல குடும்பங்களை ஒண்டுக் குடித்தனத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஏற்றியிருக்கின்றன. ஆகவே எத்தனை பேர் நுழைந்தார்கள் என்ற எண் அவர்களுக்குப் பெருமைப் பேச்சு இல்லை, சோறு.

இதை முழுக்க ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இந்த எதிர்வாதம் என் வாதத்தை முறிக்கவில்லை, அதற்குப் பலம் சேர்க்கிறது. நுழைவு என்பது வாய்ப்புப் பங்கீடு என்று ஒப்புக்கொண்ட பிறகு அதைத் திறமைப் பங்கீடாகவும் காட்ட முடியாது. ரேஷன் கடையில் யாருக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்பதை வைத்து யார் நல்ல சமையல்காரர் என்று சொல்ல மாட்டோம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நஷ்டப்படுவது பலவீனமான மண்டலம் அல்ல. வலுவான மண்டலத்தில் ஐந்தாவதாக வந்தவர். அவருக்கு மேல்சுற்று ஆட்டமும் இல்லை, மேல்சுற்றுச் சான்றிதழும் இல்லை. போதாக்குறைக்கு, அகில இந்தியத் தரம் இல்லாதவர் என்ற பெயர் வேறு.

அப்படியானால் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டின் கிளப்புகளும் கண்டப் போட்டிகளில் பெறும் வெற்றிக்கும் டிராவுக்கும் புள்ளி கொடுத்து, அவற்றைக் கூட்டி, அந்த நாட்டிலிருந்து கலந்துகொண்ட கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உயிர் அந்த வகுத்தலில் இருக்கிறது. அதிகம் பேரை அனுப்பினாய் என்பதற்காகப் புள்ளி ஏறாது. அனுப்பியவர்கள் வெளியாரோடு மோதி என்ன செய்தார்கள் என்பதே ஏறும். இந்தக் கணக்கில் ஒரு பருவத்தில் முதலிரண்டு இடம் பிடிக்கும் நாடுகளுக்கு அடுத்த பருவத்தில் சாம்பியன்ஸ் லீகில் கூடுதலாக ஓர் இடம் தருகிறார்கள். 2025–26க்கு அது இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. நம் பல்கலைக்கழக மண்டலங்களுக்கும் சந்தோஷ் டிராபிப் பிரிவுகளுக்கும் இதே கணக்கைப் போட யாருக்கும் பெரிய கணினி தேவையில்லை. மண்டலம் தாண்டி நடக்கும் ஒவ்வோர் அகில இந்திய ஆட்டத்தின் முடிவும் தேதியோடு எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. அதை எடுத்து வகுத்தால் போதும்.

கணக்கு வரைக்கும் ஐரோப்பியர் செய்வது சரி. அந்தக் கணக்கை வைத்து இடங்களைக் கூட்டிக் கொடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இருப்பவருக்கே மேலும் கொடுத்தால், ஆட்டம் இன்னும் வேர் பிடிக்காத பகுதிகளுக்கு வெளியாரோடு மோதும் வாய்ப்பே வராது. மோதாமல் வளர முடியாது. கோழிக்கோட்டில் 2024 நவம்பரில் கேரளத்திடம் பத்து கோல் வாங்கிய லட்சத்தீவுக்கு அந்தத் தோல்வியும் ஒரு பயிற்சிதான். அதனால் என் தேர்வு இதுதான்: மண்டலத்துக்கு நான்கு என்ற சமபங்கு இருக்கட்டும், சான்றிதழும் வேலையும் அதன் வழியே பரவலாகப் போய்ச் சேரட்டும். ஐந்தாவது ஆறாவது இடங்களில் நிற்பவர்களுக்கு மண்டலங்களுக்கு இடையே இன்னொரு சுற்று வைத்து இன்னும் சில இடங்களைத் திறந்தால் நல்லது. அமெரிக்கர்களே 2024இல் பட்டச் சுற்றை நான்கிலிருந்து பன்னிரண்டாக விரித்துவிட்டார்கள். நம் மண்டலங்களுக்கு இடையிலான அந்தப் புதுச் சுற்றைச் சென்னையில் நடத்துவதாக இருந்தால் ஜனவரிக்குப் பிறகு வைக்க வேண்டும். அதற்குள் மணலி புதுநகரில் தண்ணீர் வடிந்திருக்கும்.